போன் மாறினாலும் காலண்டர் மாறாமல் இருக்க: மெயிலையும் காலண்டரையும் சிங்க் செய்யும் முறை

புதுப் போன் வாங்கிய அன்று ராத்திரி காலண்டரைத் திறந்தேன். அடுத்த மாதம் முழுக்க வெறுமையாக இருந்தது. பொது விடுமுறைகளும் சிலருடைய பிறந்தநாட்களும் மட்டும் இருந்தன, நான் கையால் பதிந்து வைத்த ஒன்றுகூட இல்லை. பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள், வண்டி இன்சூரன்ஸ் முடிகிற தேதி, அம்மாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டிய காலை, எல்லாம் போய்விட்டன. மெயில் வந்திருந்தது, போன் நம்பர்கள் வந்திருந்தன, படங்கள்கூட ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. பழைய போனை அன்று மதியமே ரீசெட் செய்து கைமாற்றி விட்டிருந்தேன், அதனால் திரும்பப் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

பிறகுதான் காரணம் புரிந்தது. சிங்க், அதாவது போனில் இருப்பதும் இணையத்தில் உள்ள சர்வரில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்படி தானாகப் பரிமாறிக்கொள்வது, ஒரு நாளும் நிற்கவில்லை. இரண்டு வருடமாக நான் பதிந்ததெல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு லோக்கல் காலண்டரில் போய் விழுந்திருக்கிறது, அதற்கு எந்த சர்வரோடும் தொடர்பே கிடையாது. திரையில் பார்த்தால் இரண்டு காலண்டரும் ஒரே மாதிரிதான் தெரியும், பக்கத்தில் இருக்கும் வண்ணப் புள்ளி மட்டும் வேறு. அந்தப் புள்ளியை நான் கவனித்ததே இல்லை.

அதனால் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். உங்கள் நாட்களும் மெயில்களும் குடியிருக்க வேண்டிய இடம் உங்கள் கணக்கு, அதாவது கூகுள், ஐகிளவுட், அவுட்லுக் மாதிரி ஏதோ ஒரு சர்வரில் உங்கள் பெயரில் இருக்கும் இடம். போன், டேப்லெட், லேப்டாப் எல்லாம் அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். ஜன்னல் உடைந்தால் வேறு ஜன்னல் போட்டுக்கொள்ளலாம். ஜன்னல் விளிம்பில் வைத்த பொருள்தான் விழுந்து தொலைகிறது.

முதலில் ஒரு சின்ன சோதனை

இப்போதே போனை எடுத்து நாளைக்கு ஒரு நிகழ்வைப் பதியுங்கள், "சோதனை 1" என்று பெயர் வைத்தால் போதும். அப்புறம் ஒரு கணினியில் உலாவியைத் திறந்து, கூகுள் காலண்டரோ ஐகிளவுட்டோ அவுட்லுக்கோ, நீங்கள் பயன்படுத்துவதாக நினைக்கும் கணக்கில் நுழைந்து பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் அங்கே "சோதனை 1" தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கணினியில் "சோதனை 2" என்று ஒன்றைப் பதிந்து போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு திசையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கணினியில் பதிந்தது போனுக்கு வந்துகொண்டே இருக்கும்போது, போனில் பதிவது மட்டும் வெளியே போகாமல் இருப்பது சாதாரணமாக நடக்கும். எனக்கு நடந்ததும் அதேதான்.

"சோதனை 1" கணினிக்கு வரவில்லை என்றால், போனில் அந்த நிகழ்வைத் திறந்து எந்தக் காலண்டரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் காலண்டர் செயலியில் நிகழ்வின் விவரத்துக்குள்ளேயே காலண்டரின் பெயர் தெரியும். ஐபோனில் நிகழ்வைத் தொட்டால் "காலண்டர்" என்ற வரி இருக்கும். அங்கே உங்கள் மெயில் முகவரியோ கணக்கின் பெயரோ இருந்தால் சரி. "மை போன்", "லோக்கல்", "ஆன் மை ஐபோன்" என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் அது போனைத் தாண்டாது. பெயர் போனுக்குப் போன் மாறும், ஆனால் கணக்கின் பெயர் இல்லாத காலண்டர் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஐபோனில் இதைச் சரிசெய்வது எளிது. நிகழ்வைத் திருத்தும் பக்கத்தில் காலண்டர் பெயரைத் தொட்டு வேறு காலண்டரைத் தேர்ந்தெடுத்தால் நிகழ்வு அங்கே இடம் மாறிவிடும். ஆண்ட்ராய்டில் சில செயலிகள் இதை அனுமதிக்கும், சில அனுமதிக்காது. அனுமதிக்காவிட்டால் இனி வரப்போகும் நிகழ்வுகளை மட்டும் கையால் மறுபடி பதிந்துவிடுங்கள். கடந்து போன நாட்களுக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கத் தேவையில்லை, அரை மணி நேரத்தில் முடிகிற வேலைதான்.

இதைவிட முக்கியம், இனிமேல் பதிவது தவறான இடத்துக்குப் போகாமல் தடுப்பது. ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், காலண்டர் என்று போய் "டிஃபால்ட் காலண்டர்" என்பதைத் திறங்கள் (ஐஓஎஸ் 18-க்கு முந்தைய போன்களில் ஆப்ஸ் என்ற படி இருக்காது, செட்டிங்ஸிலேயே காலண்டர் இருக்கும்). அங்கே உங்கள் முதன்மைக் கணக்கின் காலண்டரைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே ஒரு காலண்டர் செயலியை முடிவு செய்து அதையே பயன்படுத்துவது நல்லது. போன் தயாரித்த நிறுவனத்தின் காலண்டரும் கூகுள் காலண்டரும் இரண்டும் திரையில் இருந்தால், அவசரத்தில் எதில் பதிகிறோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. வேண்டாததை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். லோக்கல் காலண்டரின் டிக்கையும் எடுத்துவிடலாம், ஆனால் அதில் இருப்பதை எல்லாம் இடம் மாற்றிய பிறகு.

கணக்கைச் சேர்ப்பதும் அதில் இருக்கும் சின்னச் சுவிட்சுகளும்

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கணக்காவது இருக்கும், சொந்தமாக ஒன்று, வேலைக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே செயலியில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் போதும், ஒவ்வொன்றும் தன் சர்வரில் தனியாக இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் "பாஸ்வேர்ட்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ்" அல்லது வெறும் "அக்கவுண்ட்ஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே கணக்கைத் தொட்டால் "அக்கவுண்ட் சிங்க்" என்ற வரி, அதற்குள் ஜிமெயில், காலண்டர், காண்டாக்ட்ஸ் என்று தனித்தனி சுவிட்சுகள். கணக்கு இருந்தும் காலண்டர் வராததற்கு இங்கே காலண்டர் சுவிட்ச் அணைந்திருப்பதுதான் அடிக்கடி காரணமாக இருக்கும். அதோடு முடியவில்லை, கூகுள் காலண்டர் செயலிக்குள்ளும் ஒவ்வொரு காலண்டருக்கும் தனியாக ஒரு சிங்க் சுவிட்ச் உண்டு. செயலியின் செட்டிங்ஸில் காலண்டரின் பெயரைத் தொட்டுப் பாருங்கள், பட்டியலில் பெயரே இல்லை என்றால் "ஷோ மோர்" அழுத்துங்கள். யாரோ உங்களோடு பகிர்ந்த காலண்டர் கணினியில் தெரிந்து போனில் தெரியாமல் இருந்தால் பதில் இங்கேதான் இருக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், காலண்டர், "காலண்டர் அக்கவுண்ட்ஸ்" என்று போய் கணக்கைச் சேர்க்கலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் (பல அலுவலகங்கள் வைத்திருக்கும் மெயில், காலண்டர் சேவை), யாகூ எல்லாம் பட்டியலிலேயே இருக்கும். கடவுச்சொல் கொடுத்ததும் மெயில், காலண்டர், காண்டாக்ட்ஸ், நோட்ஸ் என்று சுவிட்சுகள் வரும், வேண்டியதை மட்டும் போடுங்கள். கூகுளில் உங்களோடு பகிரப்பட்ட காலண்டர்கள் ஆப்பிளின் காலண்டர் செயலியில் வராமல் இருந்தால், அதற்கென்றே கூகுள் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. உலாவியில் கூகுள் காலண்டர் முகவரிக்குப் பின்னால் "சிங்க்செலக்ட்" என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் (calendar.google.com/calendar/syncselect) திறந்தால், எந்தெந்தக் காலண்டர் போக வேண்டும் என்று டிக் போடும் பட்டியல் வரும். இந்தப் பக்கம் எந்த மெனுவிலும் எளிதில் கண்ணில் படாது, அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனில் ஐகிளவுட் காலண்டர் வேண்டும் என்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. ஆப்பிள் அதற்கு ஆண்ட்ராய்டு செயலி தரவில்லை. ஆனால் ஐகிளவுட் காலண்டர் கால்டேவ் என்ற பொதுவான நெறிமுறையில் பேசுகிறது (2007-இல் வெளியான தரநிலை, பல சர்வர்களுக்கும் இதுவே பொது மொழி), டேவ்எக்ஸ்5 போன்ற ஒரு செயலியை நடுவில் வைத்தால் ஆண்ட்ராய்டின் காலண்டரில் அது வந்து சேரும். உங்கள் வழக்கமான ஆப்பிள் கடவுச்சொல் அங்கே வேலை செய்யாது, ஆப்பிள் கணக்குப் பக்கத்தில் "ஆப் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட்" (அந்தச் செயலிக்கு மட்டுமான தனிக் கடவுச்சொல்) ஒன்று உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

வேலைக் கணக்கைச் சேர்க்கும் முன் திரையில் வருவதைப் படியுங்கள். பல நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்க்கும்போது, போனைப் பூட்டும் முறையை நிர்ணயிக்கவும் தொலைவிலிருந்தே போனை அழிக்கவும் நிர்வாகிக்கு உரிமை கேட்பார்கள். தனிப்பட்ட போனில் இதற்குச் சம்மதிப்பதா என்பது உங்கள் முடிவு. ஆண்ட்ராய்டில் "வொர்க் ப்ரொஃபைல்" என்று தனிப் பகுதியாக அமைத்தால் நிர்வாகியின் கை அந்தப் பகுதிக்குள்ளேயே நின்றுவிடும், வழி இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

ஒரே நிகழ்வு இரண்டு முறை தெரிகிறதா? பெரும்பாலும் அதே கணக்கை இரண்டு வழியில் சேர்த்திருப்பீர்கள், கூகுளாக ஒரு முறை, வேறொரு செயலி வழியாக இன்னொரு முறை. நிகழ்வை அழிக்கப் போகாதீர்கள், அழித்தால் சர்வரிலிருந்தே போய்விடும், இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். ஒரு வழியின் காலண்டர் சுவிட்சை அணைத்தால் போதும்.

மெயிலில் ஐமேப் எதற்கு

ஜிமெயில் செயலியிலோ அவுட்லுக் செயலியிலோ அவர்களுடைய சொந்தக் கணக்கை மட்டும் பயன்படுத்துபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சொந்த டொமைன் (சொந்த இணையப் பெயர்) மெயிலோ, இணைய நிறுவனம் கொடுத்த மெயிலோ, பழைய அலுவலக மெயிலோ வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

கணக்கைக் கையால் சேர்க்கும்போது போன் ஒரு கேள்வி கேட்கும்: மெயிலை ஐமேப் முறையில் எடுக்கவா, பாப் முறையில் எடுக்கவா? பாப் என்பது தபால் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி. எடுத்த சாதனத்தில்தான் கடிதம் இருக்கும், "சர்வரில் பிரதி வை" என்று சொல்லாவிட்டால் மற்ற சாதனங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பிரதி வைத்தாலும், போனில் படித்தது கணினியில் படிக்காததாகவே தடித்த எழுத்தில் நிற்கும். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், படித்தது, நட்சத்திரம் போட்டது, வேறு ஃபோல்டருக்கு மாற்றியது எல்லாம் சர்வரில் பதிவாகி எல்லா சாதனத்திலும் ஒரே மாதிரி தெரியும். 1986-இல் மார்க் கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் இதை உருவாக்கியபோதே, மெயில் சர்வரில் இருக்க வேண்டும், எந்தக் கணினியிலிருந்தும் அதை எட்ட முடிய வேண்டும் என்பதுதான் அடிப்படை யோசனை. கைபேசிக் காலத்துக்கு அப்படியே பொருந்திப் போகிறது. ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள்.

சர்வர் விவரம் கேட்டால்: உள்ளே வரும் மெயிலுக்கு ஐமேப், போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993, எஸ்எஸ்எல் (வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் முறை) இருக்க வேண்டும். வெளியே போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை), போர்ட் 465 அல்லது 587. சர்வரின் பெயரை உங்களுக்கு மெயில் தரும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்து அப்படியே எழுதுங்கள். மெயில் வருகிறது ஆனால் போகவில்லை என்றால் வெளியே போகும் சர்வருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பல செயலிகளில் அந்தக் கட்டம் காலியாகவே விடப்பட்டிருக்கும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் "தவறு" என்றே வந்துகொண்டிருந்தால் பயப்படாதீர்கள். இரண்டு படிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஒரு குறியீடு மாதிரி இன்னொன்றையும் கேட்பது) போட்டிருக்கும் கணக்குகளில், பழைய வகைச் செயலிகளுக்கு வழக்கமான கடவுச்சொல் செல்லாது. கூகுளில் "ஆப் பாஸ்வேர்ட்" என்று 16 எழுத்துகள் கொண்ட ஒன்றைத் தருவார்கள், அதைத்தான் அங்கே ஒட்ட வேண்டும். கூகுளோ மைக்ரோசாஃப்டோ தங்கள் உள்நுழைவுத் திரையையே செயலிக்குள் காட்டினால் இது தேவைப்படாது, அதுதான் பாதுகாப்பான வழியும்கூட.

மெயில் தாமதமாக வருவது பற்றி

ஐபோனில் மெயில் கணக்குகள் பக்கத்தில் "ஃபெட்ச் நியூ டேட்டா" என்று ஒரு வரி இருக்கும். புஷ் என்றால் மெயில் வந்ததும் சர்வரே போனைத் தட்டி எழுப்பும். ஃபெட்ச் என்றால் போன் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வரும். மேனுவல் என்றால் நீங்கள் செயலியைத் திறந்தால்தான். ஐகிளவுட், எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்குப் புஷ் உண்டு, ஆப்பிளின் மெயில் செயலியில் சேர்த்த ஜிமெயிலுக்குக் கிடையாது. அங்கே "ஆட்டோமேட்டிக்கலி" என்று இருந்தால், போன் சார்ஜில் போட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் புது மெயிலை எடுக்கும். பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டதும் மெயில்கள் கொத்தாக வந்து விழுவதற்குக் காரணம் இதுதான். 15 நிமிடம் என்று மாற்றுங்கள், அல்லது ஜிமெயிலுக்கு ஜிமெயில் செயலியையே வைத்துக்கொள்ளுங்கள், அது உடனே அறிவிக்கும். பேட்டரியைச் சேமிக்கும் லோ பவர் மோடில் இந்தப் பின்னணி வேலை நின்றுவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் சிக்கல் வேறு மாதிரி. பல போன் தயாரிப்பாளர்கள் பேட்டரி நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று, பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாங்களாகவே முடக்கிவிடுகிறார்கள். மெயிலும் காலண்டரும் அதில் மாட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், மெயில் செயலியையும் காலண்டர் செயலியையும் தேடி, பேட்டரி பகுதியில் "அன்ரெஸ்ட்ரிக்டெட்" என்று மாற்றுங்கள். டேட்டா சேவர் போட்டிருந்தால் அதிலும் இந்த இரண்டுக்கும் விலக்கு கொடுங்கள். மீட்டிங் முடிந்த பிறகு ரிமைண்டர் அடிக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, சேமிப்பிடம். கூகுளின் இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். படங்களும் வீடியோக்களும் அதை நிரப்பிவிட்டால் உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், செட்டிங்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது. ஐகிளவுட்டில் இலவச இடம் 5 ஜிபிதான், ஐபோன் பேக்கப்பும் அதற்குள்ளேயே வரும் என்பதால் இன்னும் வேகமாக நிரம்பும்.

சிங்க் நின்றுவிட்டால் இணையத்தில் பலர் "டேட்டாவை கிளியர் செய்" என்று சொல்வார்கள். ஆண்ட்ராய்டில் "காலண்டர் ஸ்டோரேஜ்" என்ற செயலியின் டேட்டாவை அழித்தால், சர்வருக்குப் போகாத நிகழ்வுகள் எல்லாம் சேர்ந்தே அழியும், லோக்கல் காலண்டரும் அதோடு போகும். முதலில் மேலே சொன்ன சோதனையைச் செய்து, போனில் மட்டும் இருப்பது எது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

மெயிலிலிருந்து காலண்டருக்கு

சிங்க் சரியாக ஓடுவது அடித்தளம் மட்டும்தான். நாள் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் மெயிலில் வரும் தேதிகள் காலண்டருக்குப் போய்ச் சேர வேண்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்று இன்பாக்ஸில் விட்ட தேதி மூன்று நாளில் நாற்பது மெயில்களுக்குக் கீழே போய்விடும். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: தேதி இருக்கிற மெயிலைப் படித்தால், அதை மூடுவதற்கு முன் காலண்டரில் பதிந்துவிடுவேன். போக முடியுமா என்று தெரியாவிட்டாலும் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டுப் பதிவேன்.

ஒரு உதாரணம். "ஆவணச் சரிபார்ப்புக்கு வரும் 14-ஆம் தேதி காலை 10.30-க்கு வரவும், அசல் சான்றிதழ்களும் இரண்டு புகைப்படங்களும் கொண்டு வரவும்" என்று ஒரு மெயில் வருகிறது. ஆப்பிளின் மெயில் செயலியில் அந்தத் தேதியின் கீழே கோடு போட்டிருந்தால் அதைத் தொட்டு அங்கிருந்தே நிகழ்வை உருவாக்கலாம். கணினியில் ஜிமெயிலில் மேலே இருக்கும் மூன்று புள்ளியில் "கிரியேட் ஈவென்ட்" என்று இருக்கிறது, மெயிலின் தலைப்பும் உள்ளடக்கமும் நிகழ்வுக்குள் போய்விடும். ஆனால் மெயிலின் தலைப்பையே நிகழ்வின் பெயராக விட்டுவிடாதீர்கள். "தங்கள் விண்ணப்பம் குறித்து" என்று காலண்டரில் இருந்தால் 14-ஆம் தேதி காலையில் அது எதைச் சொல்கிறது என்று யோசிக்க வேண்டிவரும். "அசல் சான்றிதழ், 2 போட்டோ எடுத்துப் போ" என்று செய்ய வேண்டியதையே பெயராக வையுங்கள். இடம் என்ற கட்டத்தில் முகவரியைப் போடுங்கள், அன்றைக்கு அதைத் தொட்டால் வரைபடம் திறக்கும். ரிமைண்டர் இரண்டு வையுங்கள்: முந்தைய நாள் மாலை ஒன்று, அது சான்றிதழைத் தேடி எடுக்க, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒன்று. எல்லா நிகழ்வுக்கும் செயலி தானாகப் போடும் 10 அல்லது 30 நிமிட ரிமைண்டர் வீடியோ மீட்டிங்குக்குச் சரி, பயணம் செய்து போக வேண்டிய இடத்துக்கு ஒன்றுக்கும் உதவாது.

தேதியைப் பதியும்போது 04/05 என்று எழுதியிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அனுப்பியவரின் நாட்டைப் பொறுத்து அது மே 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 5 ஆகவும் இருக்கலாம். கிழமையும் போட்டிருந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம், இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

விமானம், ஹோட்டல் போன்ற முன்பதிவு மெயில்களிலிருந்து ஜிமெயில் தானாகவே நிகழ்வை உருவாக்கும், "ஈவென்ட்ஸ் ஃப்ரம் ஜிமெயில்" என்ற அமைப்பு அதைக் கட்டுப்படுத்துகிறது. வசதிதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், எல்லா நிறுவனங்களின் மெயிலையும் அது படித்துப் புரிந்துகொள்ளாது.

கேட்காத நிகழ்வுகள் காலண்டரில் வந்து விழுந்தால், "பரிசு வென்றீர்கள்", "வைரஸ் தாக்கியது" என்கிற மாதிரி, அது போனுக்கு வந்த நோயல்ல, யாரோ அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார்கள். "வரவில்லை" என்று பதில் கொடுக்காதீர்கள், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்பாம் என்று புகாரளியுங்கள். கூகுள் காலண்டரின் செட்டிங்ஸில் அழைப்புகளைச் சேர்க்கும் விதத்தை "அனுப்புநர் தெரிந்தவராக இருந்தால் மட்டும்" என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐபோனில் தெரியாத ஒரு சந்தாக் காலண்டரே சேர்ந்திருந்தால், காலண்டர்களின் பட்டியலில் அதன் பக்கத்தில் இருக்கும் "ஐ" குறியைத் தொட்டு "அன்சப்ஸ்க்ரைப்" செய்யுங்கள்.

மற்றவர்களோடு பகிர்வது

வீட்டில் இருப்பவர்களோடு ஒரு பொதுக் காலண்டர் வைத்திருப்பது போல உதவி வேறில்லை. ஆனால் உங்கள் முதன்மைக் காலண்டரைப் பகிர வேண்டாம், "வீடு" என்று புதிதாக ஒன்றை உருவாக்கி அதை மட்டும் பகிருங்கள். கூகுளில் இதைக் கணினியில் உலாவி வழியாகச் செய்வது எளிது. பகிரும்போது நான்கு நிலை உண்டு: பிஸியா இல்லையா என்று மட்டும் தெரிவது, விவரம் தெரிவது, மாற்ற முடிவது, மாற்றவும் மற்றவர்களோடு பகிரவும் முடிவது. வீட்டில் கூட இருப்பவருக்கு மூன்றாவது, உடன் வேலை செய்பவருக்கு முதலாவது என்று நான் வைத்திருக்கிறேன். மாற்றும் உரிமை இருக்கிறவர் ஒன்றை அழித்தால் எல்லோருக்கும் அழிந்துவிடும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கூகுளில் அழித்த நிகழ்வு 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும், கணினியில் போய் மீட்கலாம்.

பள்ளியோ விளையாட்டுக் குழுவோ ஒரு காலண்டர் இணைப்பைக் கொடுத்தால் அதில் இரண்டு வழி இருக்கிறது, இவை பலருக்கும் குழம்பும். .ஐசிஎஸ் கோப்பை (நிகழ்வுகள் அடங்கிய காலண்டர் கோப்பு) இறக்கி இம்போர்ட் செய்தால் அந்த நேரத்துப் பிரதி மட்டும் வரும், பிறகு அவர்கள் தேதியை மாற்றினால் உங்களுக்குத் தெரியாது. இணைப்பைக் கொடுத்துச் சந்தா சேர்ந்தால் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் திருத்த முடியாது. இரண்டாவதுதான் நல்லது, ஒரே குறை, கூகுள் அதைப் புதுப்பிக்க 12 மணி நேரம்கூட ஆகலாம். நாளைக் காலை நிகழ்ச்சி மாறிவிட்டதா என்று பார்க்க அதை நம்பக் கூடாது. உங்கள் காலண்டரின் "ரகசிய முகவரி" என்று கூகுள் தரும் இணைப்பையும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அது கையில் இருக்கும் யாரும் எல்லாவற்றையும் படிக்கலாம். தெரியாமல் அனுப்பிவிட்டிருந்தால் அதே இடத்தில் "ரீசெட்" இருக்கிறது.

நேர மண்டலம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இருப்பவரோடு பேச வேண்டிய நேரத்தை மனக்கணக்குப் போட்டுப் பதியாதீர்கள், நிகழ்வில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து அவருடைய நேரத்தையே போடுங்கள், போன் மாற்றிக் காட்டும். அங்கே கோடைக்கால நேரம் மாறும்போதும் வாராந்திரச் சந்திப்பு தானாக நகர்ந்துகொள்ளும்.

போனை மாற்றும் முன்

பழைய போனை ரீசெட் செய்யும் நாள் வந்தால், அதற்கு முந்தைய நாள் வேறொரு கணினியில் உலாவியைத் திறந்து உங்கள் கணக்கின் காலண்டருக்குள் போங்கள். அடுத்த மூன்று மாதத்தைப் பழைய போனின் திரையோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வாரமாக ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. போனில் இருந்து கணினியில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால் அதன் வண்ணப் புள்ளியைப் பாருங்கள், அதே வண்ணத்தில் இன்னும் சில இருக்கும். அவற்றை இடம் மாற்றுங்கள். மெயிலிலும் அதேபோல, "அனுப்பியவை" ஃபோல்டரும் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர்களும் கணினியில் தெரிகின்றனவா, வரைவில் நின்றுபோன மெயில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு படிச் சரிபார்ப்புக்கான குறியீட்டுச் செயலி பழைய போனில் இருந்தால், அதைப் புதுப் போனுக்கு மாற்றி ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒரு வாரம் பழைய போனை அணைத்து அலமாரியில் வையுங்கள். அந்த ஒரு வாரத்தில் எதையும் தேட வேண்டிவரவில்லை என்றால் ரீசெட் செய்து கொடுத்துவிடலாம்.